ஐந்து லட்சம் பேர் கணக்கு மலைக் கிராமங்களுக்கு ஒத்துவராது

இங்கிலாந்தின் உள்ளாட்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சியைத் திருத்தியமைக்கும் 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையும் (அரசின் கொள்கை அறிக்கை), மாவட்ட மன்றம், அதற்கு மேல் கவுன்ட்டி மன்றம் என்று இரண்டடுக்கு நிர்வாகமுள்ள 21 பகுதிகளுக்கு 2025 பிப்ரவரியில் போன அழைப்பும் உங்கள் துறையில் எழுதப்பட்டவை, விளக்கத் தேவையில்லை. மாவட்ட மன்றங்களைக் கலைத்துவிட்டு, 5 லட்சம் பேருக்கு ஒரு மன்றம் என்று அளவு வைத்திருக்கிறீர்கள். மக்கள் நெருக்கம் குறைந்த மாவட்டங்களுக்கு அந்த அளவு வேண்டாம். அங்கே செலவு தலைக்கணக்கில் வருவதில்லை, மைல்கணக்கில் வருகிறது.

குப்பை வண்டியையே பாருங்கள். நகரத்தில் ஓடும், சுமையோடு சேர்த்து 26 டன் எடையுள்ள லாரி ஒரு நடைக்குப் பத்து டன் வரை ஏற்றும். இருபுறமும் கல்சுவர் எழுப்பிய ஒற்றைத் தடத்தில் அது திரும்பாது. ஆள் இறங்கி வழி காட்ட, பின்னோக்கியே வர வேண்டும். அதனால் 7.5 டன் வண்டி போகிறது. அது இரண்டு டன்னைச் சுற்றித்தான் ஏற்றும். சீக்கிரம் நிரம்பி, கிடங்குக்கும் கிராமத்துக்குமாக அலையும். மன்றம் பெரிதானால் இந்தச் சந்து அகலமாகிவிடுமா? பண்ணைக்குப் போகும் தனியார் பாதையில் பெரும்பாலும் வண்டி நுழைவதில்லை. பாதை உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. எழுபது வயதைத் தாண்டியவரும் 240 லிட்டர் தொட்டியைச் சரளைக்கல்லில் பொதுச்சாலை வரை இழுத்து வர வேண்டும். உதவி கேட்டு மனுப் போடலாம்தான். அந்த மனுவைப் படிப்பவருக்கு அந்தப் பாதை தெரிந்திருக்க வேண்டும். 2026 மார்ச் 31 முதல் உணவுக் கழிவை வாராவாரம் தனியே எடுக்க வேண்டும் என்பது அரசின் விதி. அதே சந்தில் இன்னொரு நடை.

வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் இருந்த ஈடன் மாவட்டம் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. 2021 கணக்கெடுப்பில் சுமார் 54,700 பேர். அதன் மன்றத்தில் 38 உறுப்பினர்கள் இருந்தார்கள், ஏறத்தாழ 1,440 பேருக்கு ஒருவர். 2023 ஏப்ரலில் அது வெஸ்ட்மார்லாந்து அண்ட் ஃபர்னெஸ் என்ற புதிய பெரிய மன்றத்தில் கரைந்தது. இப்போது அந்த மன்றம் முழுவதற்கும் 65 உறுப்பினர்கள். சுமார் 3,480 பேருக்கு ஒருவர். கெண்டலில் நடக்கும் கூட்டத்துக்கு ஈடன் பகுதியின் ஆல்ஸ்டன் ஊர்க்காரர் 580 மீட்டர் உயர ஹார்ட்சைட் கணவாயைத் தாண்ட வேண்டும்; பனி கொட்டினால் அந்தச் சாலை மூடப்படும். ஈடனோடு மொத்தம் மூன்று மாவட்டங்கள் சேர்ந்தும் அங்கே உங்கள் 5 லட்சத்தில் பாதி வரவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் இழுப்பீர்கள்?

1974-இல் ரட்லாந்து என்ற சிறிய கவுன்ட்டியைப் பக்கத்து லெஸ்டர்ஷயரோடு சேர்த்தார்கள். 1997-இல் பிரித்துக் கொடுத்தார்கள். சேர்க்கவும் பிரிக்கவும் ஆன செலவை யார் தலையில் கட்டினார்கள்? லண்டனில் கோடு போடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வரி கட்டுகிறவர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. விதிவிலக்குக்கு இடமுண்டு என்கிறது உங்கள் அறிக்கை. அதை ஒவ்வொரு மாவட்டமும் வந்து கெஞ்சிப் பெறும் சலுகையாக வைக்காதீர்கள். குறைந்த நெருக்கமுள்ள பகுதிகளுக்கு 5 லட்சம் அளவு கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். எந்தப் புதிய மன்றத்துக்கும் ஒப்புதல் தருமுன், அதன் கடைக்கோடிக் கிராமத்திலிருந்து கூட்ட அரங்குக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம், சிறிய வண்டிகளுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்ற இரண்டையும் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.