மழைக்கால விளையாட்டுப் பயிற்சி குறித்துப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இல்ல விளையாட்டுப் போட்டியில் தெரிவான நம் மாணவர்கள் வலய மட்ட மெய்வல்லுநர் போட்டிகளுக்காகப் பயிற்சி பெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவை என நீளும் இந்த மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில், பயிற்சியைக் கூட்ட வேண்டிய மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை வந்து மைதானத்தைச் சேறாக்கிவிடுகிறது. நீளம் பாய்தலுக்கான மணற்குழியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது; வழுக்கும் தரையில் பிள்ளைகளை முழு வேகத்தில் ஓடவிட உடற்கல்வி ஆசிரியருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. எனவே மைதானம் கிடைக்காத பிற்பகல்களில் வகுப்பறையிலேயே மனக்காட்சிப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்ததைக் கேள்வியுற்ற பெற்றோர் சிலர், இது தியானமா, மனோவசியமா என்று விசாரித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமே; எல்லோருக்கும் விரிவாகப் பதில் சொல்வது என் கடமை.

இது தியானமும் அன்று, வசியமும் அன்று. எந்தச் சமய வழிபாட்டோடும் இதற்குத் தொடர்பில்லை. விளையாட்டு உளவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்ற, உலகின் முன்னணி வீரர்கள் பலர் கைக்கொள்ளுகின்ற ஒரு பயிற்சி இது. மாணவி ஒருத்தி தான் செய்யப்போகும் செயலை, உடலை அசைக்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை மனத்துக்குள் செய்து பார்க்கிறாள். அது எவ்வளவு நுணுக்கமாக அமைகிறதோ அவ்வளவுக்குத்தான் பயனும் கிடைக்கும். நீளம் பாய்பவள் ஓட்டம் தொடங்கும் அடையாளத்தில் நிற்பதையும், முதல் அடியில் தரையை உந்துவதையும், கடைசி அடிகளில் மாறும் தாளத்தையும், பலகையில் பாதம் பதியும் ஓசையையும், முழங்கால் மேலெழுவதையும், குதிகால்கள் மணலில் புதைவதையும் தன் உடலுக்குள்ளிருந்தே உணர வேண்டும். வெளியே நின்று தன்னைத் தானே பார்ப்பதுபோலக் காண்பதும் உடலின் நிலையைத் திருத்திக்கொள்ள உதவும். ஆயினும் உள்ளிருந்து உணர்வதையே நாங்கள் முதலில் பழக்குகிறோம்.

உடல் அசையாதபோது இதனால் என்ன மாறப்போகிறது என்ற ஐயம் இயல்பானது. 1930களிலேயே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், கையை மடக்குவதாக மனத்தில் நினைத்தவரின் கைத்தசையில் மிக நுண்ணிய மின்னசைவு எழுவதை அளந்து காட்டினார். 1992ஆம் ஆண்டில் குவாங் யூ, கெலி கோல் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. சிறுவிரலைப் பக்கவாட்டில் அழுத்தும் பயிற்சியை ஒரு குழுவினர் நான்கு வாரங்கள் உண்மையாகவே செய்தார்கள். மற்றொரு குழுவினர் அதே பயிற்சியை மனத்தில் மட்டும் செய்தார்கள். முதற்குழுவினரின் விரல் வலிமை 30 சதவீதமும், மனத்தில் மட்டும் செய்தவர்களின் வலிமை 22 சதவீதமும் கூடின. எதையும் செய்யாதவர்களிடம் 4 சதவீதத்துக்கும் குறைவான மாற்றமே காணப்பட்டது. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளை செம்மையானதே இதற்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். பல ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் விரல்கள், கண் பார்த்து மனம் முடிவெடுக்கும் முன்பே இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவதைப் போல, செயலின் ஒழுங்கு மூளையில் பதிந்துவிட்டால் போட்டி வேளையில் பிள்ளை அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பதக்கம் கழுத்தில் விழுவதையும் எல்லோரும் கைதட்டுவதையும் நினைத்துக்கொண்டிருப்பது மனக்காட்சிப் பயிற்சி ஆகாது. அது இனிமையான கனவு மட்டுமே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999ஆம் ஆண்டில் லியென் ஃபாம், ஷெலி டெய்லர் ஆகியோர் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்திய ஆய்வில், பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெறுவதை நாள்தோறும் மனத்தில் கண்டவர்களை விட, அந்தப் புள்ளிக்காகத் தாம் அமர்ந்து படிப்பதைக் கண்டவர்களே நன்றாகச் செய்தார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிள்ளை உண்மையாகவே பயிற்சி செய்கிறதா, கனவு காண்கிறதா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு 100 மீற்றர் ஓட்டத்தை மனத்தில் ஓடச் சொல்லி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் விரலை உயர்த்தச் செய்து, நிறுத்தற்கடிகாரத்தால் நேரத்தைக் குறிக்கிறோம். மைதானத்தில் 15 செக்கனில் ஓடும் பையன் மனத்தில் 6 செக்கனில் முடித்துவிட்டால், நடுப்பகுதியை அவன் தாவிக் கடந்துவிட்டான் என்று பொருள். மனத்தில் ஓடும் நேரம் உண்மையான நேரத்தை நெருங்கும் வரை அவனை மீண்டும் ஓடச் சொல்கிறோம். அஞ்சலோட்ட அணியினருக்கு இது மிகவும் பயன்படுகிறது. கோல் மாற்றும் 30 மீற்றர் எல்லைக்குள் எப்போது ஓடத் தொடங்குவது, எப்போது கையைப் பின்னால் நீட்டுவது என்பதெல்லாம் நேரக் கணக்கைப் பொறுத்தவை.

தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் மனத்தில் ஒத்திகை பார்க்கச் சொல்கிறோம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்சுக்கு அவருடைய பயிற்றுநர் பொப் போமன், உறங்கும் முன்பும் விழித்தெழுந்ததும் தம் நீச்சலை முழுமையாக மனத்தில் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தைச் சிறுவயதிலேயே ஏற்படுத்தியிருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின்போது பெல்ப்சின் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்து எதிரே எதுவும் தெரியாமற்போயிற்று. எத்தனை கைவீச்சில் சுவரைத் தொடுவோம் என்பதை அறிந்திருந்த அவர், கலங்காமல் வீச்சுகளை எண்ணியே நீந்தி, 1 நிமிடம் 52.03 செக்கனில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். நம் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய தடங்கல்கள் வேறு. வெறுங்காலோடு புல்தரையில் ஓடிப் பழகிய பிள்ளை, மாகாண மட்டத்துக்குப் போய்ச் சிவந்த செயற்கை ஓடுபாதையையும் ஆயிரம் பேர் கூட்டத்தையும் முதன்முறையாகக் காணும்போது, உடலில் வலிமை இருந்தும் மனம் திகைத்துவிடுகிறது. அந்த இடத்தைப் படங்களிலும் காணொளிகளிலும் காட்டி, போட்டிக்கு முன் வீரர்கள் கூடும் அழைப்பறை முதல் தொடக்கக் கோடு வரை நடக்கும் நடையை மனத்தில் பலமுறை நடக்கவைத்தால், போட்டி நாளில் அது புதிய இடமாக இராது. நகரத்துப் பிள்ளைகளுக்கு உள்ள வசதி எல்லாவற்றையும் நம்மால் தர முடியாது; இதையாவது குறைவின்றித் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மைதானப் பயிற்சிக்கு இது மாற்று அல்ல. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 1994இல் வெளிவந்த முடிவுகளும், மனப்பயிற்சி பயன் தரும், ஆனால் உடற்பயிற்சி தரும் பயன் அதனினும் பெரிது என்றே கூறுகின்றன. மழை ஓய்ந்தவுடன் பிள்ளைகள் மைதானத்துக்கே வருவார்கள். ஒருமுறையேனும் செய்து பழகாத செயலை மனத்தில் சரியாகச் செய்யவும் இயலாது. மேலும், சிலருக்குக் கண்ணை மூடினால் எந்தக் காட்சியும் தோன்றாது. அது குறைபாடு அன்று. அத்தகைய பிள்ளைகளைக் காட்சிக்குப் பதிலாகத் தாளத்தையும் உடலின் அழுத்தத்தையும் நினைக்கச் செய்கிறோம், அல்லது செயலின் படிகளைச் சொற்களால் சொல்லிப் பார்க்கச் செய்கிறோம். விழுந்து அடிபட்ட நினைவே திரும்பத் திரும்ப வருவதாகப் பிள்ளை சொன்னால், பயிற்சியைத் தொடர வற்புறுத்தாமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

வீட்டில் உங்களிடம் வேண்டுவது இதுதான். இரவு உணவுக்குப் பின், உறக்கம் வருவதற்கு முன், தொலைக்காட்சியை நிறுத்திப் பிள்ளைக்குப் பத்து நிமிட அமைதி தாருங்கள். வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளில் அது எளிதன்று என்பதை நான் அறிவேன்; பக்கத்து வீட்டாரோடும் பேசி ஒரு நேரத்தை ஒழுங்கு செய்தால் அவர்களின் பிள்ளைக்கும் உதவும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். களைத்த மனம் தவறான ஓட்டத்தையே பழகும். பிறகு "வெல்வாயா?" என்று கேட்காமல், "இன்று எப்படிப் பாய்ந்தாய், சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை அடி அடியாக விவரித்தால் பயிற்சி சரியாக நடக்கிறது. "நல்லாப் பாய்ஞ்சேன்" என்று மட்டும் சொன்னால், எங்கிருந்து ஓடத் தொடங்கினாய், எந்தக் காலால் உந்தினாய் என்று மேலும் கேளுங்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் தந்தையரும் தாய்மாரும் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்கலாம்.

நேரில் பார்க்க விரும்பும் பெற்றோர், பாடசாலை முடிந்தபின் நடைபெறும் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு வரலாம். வேலை முடிந்து வரத் தாமதமாகுமெனில் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். உடற்கல்வி ஆசிரியரும் நானும் காத்திருப்போம்.

இங்ஙனம்,
அதிபர்