நம்மட பழைய ரொக் கோஷ்டிக்கு ஒரு திறந்த மடல்: டிக்கெட் எடுக்கிறதா, விடுறதா

மட்டக்களப்பு, ஆரையம்பதி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பிறகு லண்டன், கட்டார் எண்டு சிதறிக் கிடக்கிற நம்மட ஆக்கள் எல்லாருக்கும்,

மச்சான்மாரே, அக்கா தங்கச்சிமாரே, கொஞ்ச நாளா குரூப்பில நடக்கிற சண்டையைப் பாத்துட்டுத்தான் இத எழுதுறன். வொய்ஸ் மெசேஜ் போட்டா ஆரும் முழுசாக் கேக்க மாட்டீங்க. அதோட நம்மட குரூப்பில மட்டும் இல்ல, நாப்பது தாண்டின, ரொக் கேட்டு வளந்த எல்லாக் குரூப்பிலயும் இதே சண்டைதான் ஓடுது, அதால பொதுவாவே போடுறன். பழைய பேண்ட் ஒண்டு இந்தியாவுக்கு வருகுதாம் எண்டு ஆராவது ஒரு லிங்க் போட்டாக் காணும், ஒரு பக்கம் வாழ்க்கையில ஒரு தரம்தானே போவம் எண்டுறாங்க, மற்றப் பக்கம் கிழவனுகள் பாடுறதப் பாக்க லட்சக் கணக்கில செலவழிக்கிறதா, பிள்ளைகளுக்கு டியூசன் காசு ஆர் கட்டுற எண்டுறாங்க, பிறகு ஒருத்தனோட ஒருத்தன் கதையில்ல. 2025 மே 17 மும்பைக்கு கன்ஸ் அண்ட் ரோசஸ் வந்தப்பவும் இதேதான். நம்ம கதைச்சு முடிக்க முதல் அவங்க பாடி முடிச்சிட்டு போயிட்டாங்க.

என்ட முடிவ முதலே சொல்லிடுறன். போகத்தான் வேணும். ஆனா கடன் பட்டுப் போகக் கூடா, பிளக்கில டிக்கெட் எடுக்கக் கூடா, விஐபி எண்ட சொல்லுக்காகக் காசக் கொட்டக் கூடா. அதோட தனித்தனியா வெளிக்கிடாம எல்லாரும் சேந்து காசு போட்டுப் போகணும். ஏன் எண்டு சொல்றன், பொறுமையா வாசிங்க.

காசக் கதைப்பம். வேணாம் எண்டு சொல்ற ஆக்கள நான் கஞ்சனுகள் எண்டு நினைக்கல்ல, அவங்க சொல்றதில நியாயம் இரிக்கு. கோல்ட்பிளே எண்ட பேண்டிட மும்பை ஷோவுக்கு 2024 செப்டம்பரில டிக்கெட் திறந்தாங்களே, அதில ஆகக் குறைஞ்சது இந்தியக் காசில 2,500, ஆகக் கூடினது 35,000. நம்மட காசுக்கு மாத்தினா ஒம்பதாயிரம் அளவில தொடங்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல போகுது. 2025 பெப்ரவரியில அரசாங்கம் 'நாடு' எண்ட இன நெல்லு கிலோ 120 ரூபா எண்டு விலை போட்டதே, சம்மாந்துறை மச்சான் அந்த விலைக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல நெல்லு குடுத்தாத்தான் அந்த ஆகக் கூடின டிக்கெட் ஒண்டு வரும், அதுவும் உரக் காசு, மெசின் கூலி, தண்ணிக் காசு ஒண்டும் கழிக்காம. 2025 ஏப்ரலில தனியார் கம்பெனியில ஆகக் குறைஞ்ச சம்பளத்த 27,000 ஆக்கினாங்க, அந்தச் சம்பளத்தில நாலு மாசத்துக்கு மேல. இதோட 2022இல டொலர் 200இல இருந்து 360 வரைக்கும் ஏறி, பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய 200க்குத் திரும்பி வரல்ல, அதால பிளேன், விசா, ரூம் எல்லாம் நமக்கு மட்டும் பாரம் கூடிப் போச்சு. கொழும்பில இருக்கிறவனுக்கு எயார்போட் பக்கத்தில, நம்மளுக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவில இரவு பஸ்ஸில இரிந்து போய்த்தான் அந்தப் பயணமே தொடங்குது. இதெல்லாம் தெரியாமத்தான் போவம் போவம் எண்டு சிலர் குதிக்கிறீங்க.

ஆனா பேண்ட்காரனுகள் காசுப் பேய் எண்டு ஒரேயடியா சொல்றதும் பிழை. யோசிச்சுப் பாருங்க, அவங்கட பாட்ட நம்ம எப்பிடிக் கேட்டம்? டவுணில ரெக்கோடிங் பாரில கொப்பித் தாள் ஒண்டில பாட்டுப் பேர எழுதிக் குடுத்து, வெறும் கசெட் ஒண்டு குடுத்து, ஒரு கிழமை கழிச்சுப் போய் வாங்கினம். அறுவது நிமிச கசெட்டில ஒரு பக்கம் முடியிற இடத்தில கடைசிப் பாட்டு கிற்றார் சோலோவுக்கு நடுவில டக்கெண்டு அறுந்து போகும், பென்சில விட்டு நாடாவச் சுத்தி மற்றப் பக்கம் போடுவம். இண்டைக்கும் அந்தப் பாட்டு ரேடியோவில போனா அந்த இடத்தில எனக்கு ஒருக்கா மூச்சு நிண்டு வரும். அந்தக் கசெட்டால பேண்டுக்கு ஒரு சதம் போகல்ல. பிறகு சீடி வந்து போச்சு, எம்பித்ரீ வந்துது, இப்ப போனில ஓசியில கேக்கிறம். இசைத்தட்டு வித்து வந்த வருமானம் விழுந்த பிறகு பேண்டுகளுக்கு மிஞ்சினது மேடை மட்டும்தான், லொறி லொறியா சாமான் ஏத்தி, நூறு பேருக்கு மேல சம்பளம் குடுத்து, இன்சூரன்ஸ் கட்டி ஊர் ஊராப் போய்த்தான் சம்பாதிக்கணும். அதால டிக்கெட்டுக்கு ஒரு நியாயமான விலை இரிக்கத்தான் செய்யும், அத நான் ஏத்துக்கொள்றன்.

ஏத்துக்கொள்ள ஏலாதது வேற. லண்டன் ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், ஒயேசிஸ் எண்ட பேண்ட் 2009இல பிரிஞ்ச பிறகு திரும்பச் சேந்து 2025இல பாடப்போறம் எண்டு சொல்லி, 2024 ஓகஸ்ட் 31 டிக்கெட் திறந்தாங்க. நிண்டு பாக்கிற டிக்கெட் 150 பவுண் அளவில எண்டு சொல்லிட்டு, மணிக்கணக்கா கியூவில காத்துக்கொண்டிருந்த சனம் உள்ளுக்குப் போய்ப் பாக்கக்குள்ள 350 பவுணுக்கு மேல காட்டினது. மலிவு டிக்கெட் முடிஞ்சதும் நிண்டு பாக்கிற டிக்கெட்டையே கூடின விலைக்கு வித்தாங்களாம், அத முதலே சனத்துக்குத் தெளிவாச் சொல்லல்ல. இத நான் களவு எண்டுதான் சொல்லுவன். எல்லாப் பேண்டும் இப்பிடி இல்ல, அதுதான் எனக்கு நம்பிக்கை. த கியூர் எண்ட பேண்ட், எழுபதுகளில இருந்து பாடுற ஆக்கள், 2023இல அமெரிக்காவுக்குப் போகக்குள்ள ஆள் கூடக்கூட விலைய ஏத்துற முறை எங்களுக்கு வேணாம் எண்டு சொல்லி 20 டொலருக்கும் டிக்கெட் வச்சாங்க. டிக்கெட் விக்கிற கம்பெனி அதுக்கு மேல அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் எண்டு போட்டு டிக்கெட் விலைய விடக் கூட வாங்கினது. பாட்டுக்காரர் ரொபட் ஸ்மித் பகிரங்கமாக் கேள்வி கேட்டு, வாங்கின கட்டணத்தில ஒரு பகுதிய சனத்துக்குத் திருப்பிக் குடுக்க வச்சார். அப்ப மனம் இரிந்தா செய்யலாம். எந்தப் பேண்ட் தன்ட ஆக்கள இப்பிடிக் காப்பாத்துதோ அதுக்கு நம்மட காசக் குடுப்பம், கியூவில நிக்க வச்சு விலைய ஏத்துறவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விடுவம்.

இப்ப பெரிய கேள்விக்கு வாறன். குரல் போயிட்டு, வயசு போயிட்டு, பழைய ஆக்களில பாதிப் பேர் இல்ல, பிறகு என்னத்தப் பாக்கப் போற எண்டு கேக்கிறீங்க. கூத்துப் பாத்து வளந்த ஊர்க்காரர் இப்பிடிக் கேக்கிறதுதான் எனக்கு விளங்கல்ல. வட்டக்களரி எண்ட வட்ட மேடையில விடிய விடிய நடக்கிற கூத்தில, எழுபது தாண்டின ஒராள் வேசம் கட்டி வந்து நிப்பார். சதங்கை கட்டின கால் முந்தின மாதிரி எழும்பாது, மேல் சுருதியில குரல் உடைஞ்சு போகும். அந்த இடத்தில பிற்பாட்டுக்காரர் வரிய வாங்கி மேல தூக்குவாங்க, கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்த அவர்ட மூச்சுக்கு ஏத்த மாதிரி அமத்தி வாசிப்பார், சுத்தி இரிக்கிற சனமும் அந்த வரியச் சொல்லும். அந்தக் கிழவன் வந்தாத்தான் கூத்து கூத்து எண்டு நம்மட தாய் தகப்பன் பாய எடுத்துட்டுப் போனாங்க. குரல் உடைஞ்சிட்டு எண்டு எழும்பிப் போன ஒருத்தர நான் பாத்ததில்ல. ரொக் கொன்சட்டிலயும் நடக்கிறது இதுதான். பழைய பாட்ட சுருதி இறக்கித்தான் வாசிப்பாங்க, மேல போகிற இடத்த சனத்திட்ட விட்டுடுவாங்க, அம்பதாயிரம் பேர் பிற்பாட்டுப் பாடுவாங்க. அந்தச் சத்தத்துக்குள்ள நிக்கிறதுக்குத்தான் போற, சீடியில இரிக்கிற குரலக் கேக்க எண்டா வீட்டிலயே இரிக்கலாம்.

பிளக் சபாத் எண்ட பேண்டிட கதைய எல்லாரும் அறிஞ்சிருப்பீங்க. 2025 ஜூலை 5, பர்மிங்காமில அவங்கட சொந்த ஊரில, வில்லா பார்க் மைதானத்தில கடைசி ஷோ. தொடக்கத்தில இருந்த நாலு பேரும் இருவது வருசத்துக்குப் பிறகு ஒரே மேடையில. பாட்டுக்காரர் ஓசி ஒஸ்போர்னுக்கு பார்கின்சன் வருத்தம், நடக்க ஏலா, ஒரு பெரிய சிம்மாசனம் மாதிரிக் கதிரையில இரிந்துகொண்டு பாடினார், எழும்பப் பாத்துப் பாத்து எழும்ப ஏலாம இரிந்து பாடினார். வந்த லாபத்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கும் பார்கின்சன் ஆராய்ச்சிக்கும் குடுக்கிறதா ஏற்பாடு. பதினேழு நாளைக்குப் பிறகு, ஜூலை 22, அவர் மோசம் போயிட்டார். விலையப் பாத்துட்டு அடுத்த முறை பாப்பம் எண்டு விட்ட ஆக்களுக்கு அடுத்த முறை எண்டு ஒண்டு இல்லாமப் போச்சு. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வட்ஸ் 2021இல போயிட்டார், அயன் மெய்டன் டிரம்மர் நிக்கோ மக்பிரெய்ன் 2024 டிசம்பரோட டூர் போறத விட்டுட்டார். நம்மட கசெட் உறையில ஒட்டி வச்சிருந்த முகங்கள் ஒவ்வொண்டாப் போகுது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

போறதெண்டா கண்ணத் திறந்துகொண்டு போகணும், பேர மட்டும் பாத்து ஏமாறக் கூடா. டிக்கெட் எடுக்க முதல், அதே டூரில போன மாசம் சனம் போனில எடுத்த வீடியோக்களப் பாருங்க, கம்பெனி போடுற வீடியோ வேணாம், அதில குரல மெருகேத்தி இருப்பாங்க. மேடையில ஆர் ஆர் நிக்கிறாங்க, என்ன பாட்டு வாசிக்கிறாங்க, ஒண்டரை மணித்தியாலமா மூண்டு மணித்தியாலமா எண்டு எல்லாம் அதில தெரிஞ்சிடும். ஒரேயொரு பழைய ஆள வச்சுக்கொண்டு பேண்ட் பேர வாடகைக்கு ஓட்டுற ஆக்களும் இரிக்காங்க, அதுக்கு சதம் குடுக்காதீங்க. விஐபி எண்டு வித்தா என்ன தாறாங்க எண்டு ஒவ்வொரு வரியா வாசிங்க, கனக்க இடத்தில கழுத்தில போடுற அட்டையும் போஸ்டரும் அரை மணித்தியாலம் முந்திப் போறதும்தான், பேண்டச் சந்திக்கிற கதையே இரிக்காது. இன்னொண்டு, சவுண்ட் போடுற பொடியனுகளிட்ட கேட்டாச் சொல்லுவாங்க, மைதானத்தில மிக்சர் மேசை வச்சிருக்கிற கூடாரத்துக்கு முன்னுக்கு நிண்டாத்தான் சத்தம் சரியா வரும், ஏனெண்டா சத்தத்த அமைக்கிற ஆள் அந்த இடத்தில நிண்டுதான் கேட்டு அமைக்கிறார். கம்பியில சாஞ்சுகொண்டு நிக்கிற முன்வரிசைக்கு பேஸ் சத்தம் நெஞ்சில இடிக்கும், பாட்டு விளங்காது. அதால நடுவில நிக்கிற மலிவு டிக்கெட் நமக்கு தோதான இடம்.

பயமும் ஒண்டு இரிக்கு. 2011 ஒக்டோபரில மெட்டாலிக்கா எண்ட பேண்ட் டெல்லிக்குப் பக்கத்தில குர்கானில பாட இருந்தது, பாதுகாப்புத் தடுப்பு சரியில்ல எண்டு அண்டைக்கே நிப்பாட்டினாங்க, கோவத்தில சனம் மேடைய உடைச்சுது, ரெண்டு நாள் கழிச்சு பெங்களூரில மட்டும் நடந்தது. அப்பிடி நிண்டா டிக்கெட் காசு திரும்பி வந்தாலும் பிளேன் காசும் ரூம் காசும் ஆரும் தர மாட்டாங்க. அதால கடன் பட்டு ஒருத்தரும் போகக் கூடா, நகை அடகு வச்சுப் போறது பற்றி ஒருத்தர் எழுதினதப் பாத்து எனக்கு நெஞ்சு பதறிட்டு, தயவு செய்து வேணாம்.

இன்னொரு மச்சான், அந்தக் காச இஞ்ச வாசிக்கிற பொடியனுகளுக்குக் குடுக்கலாமே எண்டு கேட்டிருந்தான். குடுக்கணும், கட்டாயம். மட்டக்களப்பு டச்பார்ப் பக்கம் போர்த்துக்கீச வம்சப் பறங்கியர் கல்யாண வீடுகளில வயலினும் ரபான் மேளமும் கேட்டு வளந்த ஊர் இது, நல்ல கைகள் இரிக்கு. அந்தப் பொடியனுகள் ஆயிரம் ரூபா டிக்கெட் வச்சு நிகழ்ச்சி போட்டா ஓசிப் பாஸ் கேட்டு போன் அடிக்கிறது நம்மட ஆக்கள்தான். அத முதல்ல நிப்பாட்டுவம்.

இனி நான் கேக்கிறது. ஒரு சீட்டுத் தொடங்குவம். கூத்துக்கு ஊரே காசு போட்டுத்தான் களரி எழும்பினது, தனியொருத்தன் செலவில்ல. இருவது பேர் சேந்து ஆளுக்கு மாசம் 4,000 போட்டா மாசம் 80,000, வருசத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். டிக்கெட், பிளேன், விசா, ரூம், சாப்பாடு எல்லாம் சேத்து ஒராளுக்கு ஒண்டரை லட்சம் எண்டு வச்சாலும் வருசத்துக்கு ஆறு பேர் போகலாம், மிச்சம் அறுபதாயிரம் அவசரத்துக்குக் கையில நிக்கும். சீட்டு விழுந்த ஆளுக்குப் போக விருப்பமில்லாட்டி காசா எடுக்கட்டும், பிள்ளைட டியூசனுக்குக் கட்டட்டும், ஒருத்தரும் ஒண்டும் கேக்கக் கூடா. ஆறு பேரா சேந்து போனா அக்கா தங்கச்சிமாரும் பயமில்லாம வரலாம், ரூம் காசும் பாதியாகும். லண்டன், கட்டார் ஆக்கள் கூடப் போடுறம் எண்டு வந்தா வேணாம், எல்லாரும் ஒரே அளவு, அப்பத்தான் ஆரும் ஆருக்கும் கடமைப்பட்டதா இரிக்காது.

கணக்கு வைக்க, பேங்கில வேலை செய்த நம்மட ஆரையம்பதி அக்காட்ட கேட்டிருக்கன், ஓம் எண்டுட்டா. சேருற ஆக்கள் இந்த மாசம் முடிய முதல் அவவுக்குப் பேர் குடுங்க. எந்தப் பேண்ட் எண்ட சண்டைய, காசு சேந்த பிறகு வச்சுக்கொள்ளுவம்.