சைபர் வந்தால் சரி என்று நம்பாதே

பாளையங்கோட்டை,
ஐப்பசி 12

அன்புள்ள சேக்காளிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துவிட்டது, வயக்காட்டில் பிசானத்துக்கு உழவு நடக்கிறது. தென்காசிப் பக்கமும் நல்ல மழை என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

நிரலின் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் கருவியை ஓட்ட, ஏஜென்ட் (தானாக வேலை செய்யும் ஏஐ உதவியாளர்) படித்து நடக்கும்படி நீ எழுதிய குறிப்பைப் பார்த்தேன். கமாண்டுகள் எல்லாம் சரி. ஆனால் அது மனுசனுக்கு எழுதிய குறிப்பு. மனுசன் திரையைப் பார்த்ததும் 'என்னமோ இடிக்குதே' என்று கையை நிறுத்துவான். ஏஜென்ட் எக்ஸிட் கோடில் (நிரல் முடியும்போது தரும் எண், சைபர் என்றால் பிழையில்லை) சைபரைப் பார்த்தால் 'லீக் இல்லை', அதாவது வாங்கிய நினைவகம் எதுவும் விடாமல் தொலையவில்லை, என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வால்கிரிண்ட் எப்போதெல்லாம் ஒன்றும் பார்க்காமலே சைபர் காட்டும் என்பதுதான் உன் கோப்பில் முதலில் வர வேண்டும்.

பிழை கண்டாலும் வால்கிரிண்ட் உன் நிரல் கொடுத்த எக்ஸிட் கோடையே திருப்பித் தரும். நூறு பிழை இருந்தாலும் நிரல் சைபரோடு முடிந்தால் சைபர்தான். அதனால் 'எர்ரர்-எக்ஸிட்கோட்' என்ற ஆப்ஷனுக்கு 99 மாதிரி, உன் நிரல் ஒருபோதும் தராத எண்ணைக் கொடு. கூடவே 'லீக்-செக்' ஃபுல் ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லீக்குகள் பிழைக் கணக்கிலேயே சேராது.

அடுத்தது, டெஸ்டை ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) வழியாக ஓட்டுவது. உன் வரைவில் அப்படித்தான் இருக்கிறது. 'டிரேஸ்-சில்ட்ரன்' ஆப்ஷன் போடாவிட்டால் வால்கிரிண்ட் அந்த ஷெல்லை மட்டும் சோதித்துவிட்டு நிற்கும், உள்ளே கிளம்பும் உன் நிரலைத் தொடாது. லாக் கோப்பின் பெயரில் பிராசஸ் எண்ணும் வரும்படி வை, அப்போதுதான் எந்த அறிக்கை எதனுடையது என்று தெரியும்.

'டோட்டல் ஹீப் யூசேஜ்' என்ற வரியையும் கட்டாயம் படிக்கச் சொல். மாலாக் (நினைவகம் கேட்டு வாங்கும் அழைப்பு) எண்ணிக்கை அங்கே 0 என்றிருந்தால் கருவி ஒரு மாலாக்கையும் பார்க்கவில்லை என்று பொருள். நூலகங்களை முழுக்க ஸ்டாட்டிக்காக நிரலுக்குள்ளேயே இணைத்து சிம்பலையும் (ஃபங்ஷன் பெயர்ப் பட்டியல்) உரித்த நிரலில் இப்படி ஆகும். சொந்தமாக பூல் வைத்திருக்கும் நிரலில் வேறு மாதிரி: பெரிய துண்டு ஒன்றை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுத்தால், வால்கிரிண்டுக்கு அந்த ஒரு துண்டுதான் தெரியும். பைத்தானும் இந்த வகைதான். அதற்கு 'பைத்தான்மாலாக்' என்ற சூழல் மாறியில் 'மாலாக்' என்று வைத்து ஓட்ட வேண்டும்.

வேகத்தையும் எழுது. நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். 10 விநாடி டெஸ்டுக்கு 5 நிமிஷம் வரை பிடிக்கும். ஏஜென்டின் நேர வரம்பு 2 நிமிஷம் என்றால் பாதியிலேயே வெட்டிவிடும். லாகில் பிழை இல்லாததைப் பார்த்து அது சுத்தம் என்று சொல்லிவிடக்கூடும். கடைசியில் 'எர்ரர் சம்மரி' வரி இல்லாத லாக் செல்லாது என்று ஒரு விதியாகவே போடு.

இனி லீக் வகைகள். இதை நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய், ஏஜென்ட் அதிகமாகக் கெடுப்பது இங்கேதான். தரவை மரம் போலக் கோத்து வைத்திருக்கும்போது அதன் வேரின் முகவரி தொலைந்தால் வேர் 'டெஃபினிட்லி லாஸ்ட்', அதில் தொங்கும் ஆயிரம் கணுவும் 'இன்டைரக்ட்லி லாஸ்ட்'. வேரை முறையாக அழிக்கும் ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிட்டால் ஆயிரமும் போய்விடும். இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் கணுவுக்குக் கணு ஃப்ரீ (நினைவகத்தை விடுவிக்கும் அழைப்பு) எழுதும், பிறகு வேரையும் அழிக்கும், ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிக்கும் டபுள் ஃப்ரீயில் கொண்டு நிறுத்தும். 'ஸ்டில் ரீச்சபிள்' என்பது நிரல் முடியும்போதும் பாயின்டர் (அதன் முகவரி) கையில் இருக்கும் இடம். அது கூடிக்கொண்டே போகாதவரை தொட வேண்டாம் என்று எழுது. தொலைந்ததா என்று உறுதியில்லாத 'பாசிப்ளி லாஸ்ட்' வந்தால் திருத்தாமல் உன்னிடம் கேட்கட்டும்.

ஆர்எஸ்எஸ் (நிரல் அப்போது பிடித்திருக்கும் ரேம்) அளவை வைத்து லீக் என்று முடிவுகட்டக் கூடாது என்பதையும் சேர். கல்யாண வீட்டில் வாடகைப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, ஆனால் இன்னும் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்ற நிலைதான் அது. ஜிலிப்சி (லினக்ஸில் மாலாக்கைத் தரும் சி நூலகம்) சின்னத் துண்டுகளை ஃப்ரீ செய்த உடனே இயங்குதளத்தின் கெர்னலிடம் கொடுத்துவிடாது, அடுத்த மாலாக்குக்கு வைத்துக்கொள்ளும். 128 கிபி-க்கு மேற்பட்டவை எம்மேப் வழியாகக் கெர்னலிடம் தனியாக வாங்கப்பட்டு, ஃப்ரீ செய்ததும் உடனே திரும்பிவிடும். அப்படி ஒன்றை ஃப்ரீ செய்தால் அந்த வரம்பே அதன் அளவுக்கு உயரும்; 64 பிட் கணினியில் 32 எம்பி வரை போகும். அதனால் அதே நிரல் முதல் சுற்றில் ஒரு மாதிரியும் அடுத்த சுற்றில் வேறு மாதிரியும் காட்டும்.

கம்பைல் செய்யும்போது, பிழை எந்த வரியில் என்று காட்ட 'ஜி' ஃப்ளாக் வேண்டும், ஆப்டிமைசேஷன் 1-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சில சமயம் இல்லாத பிழையும் வரும். எந்தப் பிழைகளைக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் சப்ரெஷன் கோப்பில் ஏஜென்ட் கை வைக்கவே கூடாது. பிழையை மறைத்து சைபர் வாங்க அதுதான் சுலபமான வழி.

எழுதி முடித்ததும் வேண்டுமென்றே லீக் வைத்த மூன்று குட்டி நிரல் செய்: ஒன்று நேராக ஓடுவது, ஒன்று ஸ்கிரிப்ட் வழியாக, ஒன்று பூல் உள்ளது. குறிப்பை மட்டும் கொடுத்து ஏஜென்டை ஓட விடு. மூன்றில் எதையாவது சுத்தம் என்று சொன்னால், குறிப்பில் எந்த வரி குறைகிறது என்று தெரிந்துவிடும். அந்த லாகையும் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் சேக்காளி