புறவாசல் வழியாப் போகாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுதேன். போன்ல பேசினா ரெண்டு பேருமே அழுதிருவோம், சொல்ல வந்தது பாதியில நின்னுரும்.

ஆனித் தேரோட்டத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் கிளம்பின அன்னைக்கு, "அங்க பாரு, காக்கா"ன்னு பேரன் முகத்தைத் திருப்பி வச்சது நான்தான். நீ புறவாசல் வழியா நழுவிட்டே. பட்டாசல், அடுக்களை, கிணத்தடின்னு அவன் மூணு தடவை சுத்தித் தேடினான். பிறகு தேடலை. சாயங்காலம் நீ வந்து கையை நீட்டினப்போ நிமிர்ந்துகூடப் பார்க்கலை. சிரட்டையில மண்ணை அள்ளிக் கொட்டிக்கிட்டே இருந்தான். "பாத்தியாம்மா, எவ்வளவு சமத்து"ன்னே. அந்தச் சமத்துதான் எனக்கு உறுத்துது.

அங்கன்வாடியில இருந்த காலத்துல படிச்சது ஒண்ணு மறக்கலை. மேரி எய்ன்ஸ்வொர்த்துன்னு குழந்தைங்க மனசை ஆராய்ஞ்ச ஒரு அம்மா, 1950கள்ல உகாண்டாவுல வீடு வீடாப் போய்த் தாய்களையும் பிள்ளைகளையும் கவனிச்சவங்க. பிறகு அமெரிக்காவுல, ஒரு வயசுப் பிள்ளையை அறையில விட்டுட்டுத் தாய் கொஞ்ச நேரம் வெளியே போய் வரச் சொல்லிப் பார்த்தாங்க. போகும்போது அழுததைவிட, திரும்பி வந்தப்போ பிள்ளை என்ன செஞ்சதுங்கிறதைத்தான் முக்கியமா எடுத்துக்கிட்டாங்க. தாயைக் கண்டுக்காத மாதிரி விளையாடின பிள்ளைகளுக்கும் நெஞ்சு வேகமா அடிச்சதைப் பின்னால வந்தவங்க அளந்திருக்காங்க. நம்ம பிள்ளைக்கு மூணு வயசு. ஒருநாள் கூத்தை வச்சு எதையும் முடிவு கட்டக் கூடாது. ஆனா கவனிக்கணும்.

மறுநாள் வளவுல அடுத்த வீட்டுப் பிள்ளை சிரட்டையை எடுத்ததும் கடிச்சு வச்சானே, அதுக்கு நீ அடிச்சே. அவன் கெட்ட பிள்ளை இல்லைம்மா. பிளாட்டுல ஒத்தையா வளர்ந்தவன், கேட்கும் முன்னே எல்லாம் கைக்கு வந்துருது. "எனக்குத் தா"ன்னு சொல்லுறதுக்கு அவனுக்கு இன்னும் வாய் வரலை, பல்லு வருது. கையைப் பிடிச்சு, "கடிக்கக் கூடாது, கேளு"ன்னு நூறு தடவை சொல்லு. தினமும் ஒத்த வயசுப் பிள்ளைகளோட விடு, பக்கத்துல நீ இரு. பார்த்துக்கிடுற ஆளை அடிக்கடி மாத்தாதே. பேச்சு பின்தங்கினாலோ, கூப்பிட்டா முகம் பார்க்கலைன்னாலோ குழந்தை டாக்டர்கிட்டக் காட்டு. "வளர வளரச் சரியாயிரும்"னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, அதைக் கேட்டு நாளைக் கடத்தாதே.

உனக்கும் நான் இதையேதான் செஞ்சேன். ஆச்சிகிட்ட விட்டுட்டுப் புறவாசல் வழியாத்தான் வேலைக்குப் போவேன். ராத்திரி என் முந்தானையை மணிக்கட்டுல சுத்திக்கிட்டுத்தான் நீ தூங்குவே. புரண்டு படுக்க முடியலைன்னு எத்தனையோ நாள் உருவி எடுத்திருக்கேன். அது பயம்னு அப்போ எனக்குத் தெரியலை.

இனிமே சொல்லிட்டுப் போ. "பால் குடிக்கிற நேரத்துக்கு வந்துருவேன்"னா, அந்த நேரத்துக்கு வந்துரு. வந்ததும் போனை வச்சுட்டுத் தரையில அவன் பக்கத்துல உட்காரு. தீபாவளிக்கு வரும்போது நீ வாசல் வழியாவே கிளம்பு. அவனை இடுப்புல வச்சுக்கிட்டுப் படிப்புரையில நான் நிக்கேன். அழுதா அழட்டும், நான் பார்த்துக்கிடுதேன்.

அம்மா