கடலோர நந்தவனத்தில் புன்னை வைத்த திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கோயிலுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த நந்தவனத்தில் புன்னை வைக்கும் திருப்பணி நிறைவடைந்துவிட்டது. 40 கன்றுகள் வேர்பிடித்து நிற்கின்றன. சுற்றுவேலியும் தண்ணீர்க்குழாயும் சொன்னபடி முடிந்தன. வரவுசெலவு பொதுக்குழுவில் வைக்கப்படும். கன்றுகளின் கதையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய புன்னை புயலில் சாய்ந்த பிறகு அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குத் தலமரமே புன்னைதான். உப்புக்காற்றும் மணலும் அதற்குப் பிறந்த வீடு. அதனால் வேறு மரம் வைக்கலாம் என்ற பேச்சே குழுவில் எழவில்லை.

முதலில் 24 கன்றுகள் வெளியில் வாங்கினோம். இரண்டாம் மாதம் சிலவற்றில் கொழுந்து செக்கச்செவேலென்று விட்டது. பார்க்க அழகுதான், ஆனால் சந்தேகமும் வந்தது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். 9 கன்றுகள் நாகேசரம் என்று சொல்லிவிட்டார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பூவிலும் வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து என்று ஒரே சாயல். ஆனால் நாகேசரம் மழைக்காட்டு மரம், கடற்காற்றின் எதிரே வைப்பது அதற்குக் கொடுமை. அந்த ஒன்பதையும் மதிலுக்கு உட்புறம், கிணற்றடி நிழலுக்கு மாற்றினோம். அங்கே நன்றாகவே இருக்கின்றன.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எல்லோரும் மரத்தை அடையாளம் காணக் கற்றுக்கொண்டோம். புன்னை இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் மயிரிழை போன்ற நரம்புகள், சீப்பால் வாரிவிட்டதுபோல் நெருக்கமாக ஓடும். மகிழம் போன்ற மற்ற பளபளப்பு இலைகளிலிருந்து இதைக்கொண்டே பிரித்துவிடலாம். நாகேசரத்துக்கு மட்டும் இந்தச் சோதனை போதாது, அதன் நரம்பும் நெருக்கமானதே. அதன் இலை ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்கும். புன்னை இலையோ அகலம், தடிப்பு, நுனி மழுங்கல். காம்பை ஒடித்தால் பிசுபிசுப்பான பால் வரும். பூ கொத்தாகப் பூக்கும், நல்ல மணம். காய் கோலி உருண்டை போல, உள்ளே ஒரே விதை.

மீதி 25 கன்றுகளை நாமே விதையிலிருந்து வளர்த்தோம். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. புன்னைக் கொட்டையின் ஓடு கெட்டியானது. கடலில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைப்பதற்காக அமைந்த ஓடு அது. அப்படியே ஊன்றினால் முளைவிட இரண்டு மாதம் வரை ஆகிறது. தோலை உரித்து, சிறு மரச்சுத்தியால் ஓட்டை மட்டும் பக்குவமாகத் தட்டி எடுத்துப் பருப்பை ஊன்றினோம். மூன்று வாரத்தில் முளை வந்தது! பருப்பில் அடி பட்டவை அழுகிப்போயின. அப்புறம் கையைக் கட்டுப்படுத்தித் தட்டினோம்.

ஒரு முழ உயரம் வந்ததும் இருபதடி இடைவெளியில் நட்டோம். இவ்வளவு தள்ளி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். புன்னை உயர்வதைவிடப் படர்வதில் ஆசை கொண்ட மரம், தாழக் கிளைத்துச் சாய்ந்து விரியும். கடல் பக்கத்து வரிசைக்கு முதல் கோடையில் பனையோலைத் தட்டி வைத்தோம். வைக்காமல் விட்ட நான்கு கன்றுகளின் கொழுந்து கருகி, பிறகு பக்கத்தில் துளிர்த்தது. தட்டியை முதல் நாளே கட்டியிருக்க வேண்டும். அந்தத் தவறு குழுவினுடையது.

புன்னை மெதுவாகத்தான் வளரும், பூவைப் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் "வளரவில்லை" என்று யாரும் உரத்தைக் கொட்ட வேண்டாம். தாழ்ந்த கிளைகளையும் வெட்ட வேண்டாம். காய்க்கத் தொடங்கியபின் குழந்தைகள் கொட்டையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெய் விளக்குக்கு ஆகும், உண்ண ஆகாது.

அடுத்த இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற முறை வைத்திருக்கிறோம், பட்டியல் அலுவலகப் பலகையில் இருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் குழு