தப்பிய ஒரு பெண் பூச்சியே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதிகளில் பெருகிவரும் மூட்டைப்பூச்சிகளைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டில் இடுக்கில் கூட்டமாகக் கிடப்பவற்றை அழித்துவிட்டால், எஞ்சும் ஒன்றிரண்டு துணையில்லாமல் தாமாகவே அழிந்துவிடும் என்று அதில் ஒரு வரி இருந்தது. முப்பதாண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த வரி தவறு என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

இப்பூச்சியின் இனச்சேர்க்கை விந்தையானது. பெண்ணின் பிறப்புத் துளை முட்டையிடுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஆண், அரிவாள்போல் வளைந்த தன் உறுப்பால் பெண்ணின் வயிற்றைக் குத்தி விந்தணுக்களை உள்ளே செலுத்த, அவை உடல் திரவத்தின் வழியே சினைப்பையை நோக்கிச் செல்கின்றன. குத்துப்படும் வலப்புற அடிவயிற்றில், காயத்தையும் அதன்வழி நுழையும் கிருமிகளையும் தாங்குவதற்கென்றே பெண்ணுக்குத் தனி உறுப்பு ஒன்று அமைந்திருக்கிறது. அப்படியிருந்தும், அடிக்கடி குத்துப்படும் பெண்ணின் ஆயுள் குறைகிறது என்பதை ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் காட்டினர். இரத்தம் குடித்து உப்பிய எந்த உடலின்மீதும் ஆண் ஏறிவிடும். அது இன்னோர் ஆணாகவோ குஞ்சாகவோ இருந்தால், ஒரு நெடியை வெளியிட்டு, ஏறிய ஆணை விலகச் செய்கிறது. மூட்டைப்பூச்சியை நசுக்கியவர்கள் அந்த நாற்றத்தை அறிவார்கள். கென்யாவின் எல்கான் மலைக் குகைகளில் வௌவால்களை அண்டி வாழும் உறவினப் பூச்சியிலோ ஆண்களும் ஆண்களால் குத்துப்படுகின்றன. அங்கே ஆணின் அமைப்பைப் போன்ற வயிற்றைப் பெற்ற பெண்களுக்குக் காயம் குறைவு.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதன் விளைவைத்தான். ஒருமுறை கருவுற்ற பெண், ஆணின் துணையே இல்லாமல் வாரக்கணக்கில் முட்டையிட முடியும். ஆய்வகச் சோதனைகளில் கூட்டத்தை விட்டு விலகி இருப்பவையும் பெரும்பாலும் பெண்களே. அப்படி விலகி, மின் சுவிட்சுப் பெட்டிக்குள்ளோ கதவு நிலையின் விரிசலிலோ தங்கிவிட்ட ஒரு தாய், பின்னர் தன் மகன்களோடும் சேர்ந்து புதிய கூட்டத்தையே உண்டாக்கிவிடும். அமெரிக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடந்த மரபணு ஆய்வுகளும், பூச்சிகள் மிகச் சில தாய்களின் வழிவந்தவை என்றே காட்டின.

இவை கூட்டம் சேர்வது உறவுப் பாசத்தால் அன்று, மணத்தால். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜின் கிரீஸ், ஆய்வுக்கான பூச்சிகளுக்குத் தன் கையையே உணவாக நீட்டி, ஏறத்தாழ 1,80,000 கடிகளைத் தாங்கினார். பூச்சிகள் உரித்துப் போட்ட தோலில் உள்ள ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள், தொட்ட பூச்சியை அங்கேயே நிற்கவைக்கிறது என்பதை அவரது குழு கண்டறிந்து, 2014 இறுதியில் வெளியிட்டது. ஆகவே கொன்ற பிறகு பழைய தோலையும் எச்சக் கறையையும் துடைக்காமல் விட்டால், புதிதாக வருபவற்றுக்கு நாமே இடம் ஒதுக்கி வைத்ததாகிவிடும்.

அந்த வரியைத் திருத்தி, மருந்தடித்த இரண்டு வாரங்களுக்குள் பொரிந்துவிடும் முட்டைகளையும் கணக்கில் கொண்டு மறுமுறை சோதிக்கும்படி வாசகர்களுக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி