பேய்ப்பட முன்னோட்டங்களும் திடீர்ச் சத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குச் சென்ற பேருந்தொன்றின் தொலைக்காட்சித் திரையில், பாடல்களுக்கு நடுவே பேய்ப்படம் ஒன்றின் முன்னோட்டம் ஓடியது. அதில் எழுந்த திடீர்ச் சத்தத்தில், யன்னலோரம் இருந்த வயோதிபத் தாயொருவர் தலையைப் பொத்திக்கொண்டு இருக்கைக்குக் கீழே குனிந்துவிட்டார். மாங்குளம் தாண்டியும் அவருடைய கைநடுக்கம் நிற்கவில்லை.

எந்த மொழியில் வந்தாலும் இத்தகைய முன்னோட்டங்களுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு குடும்பம் புதிய வீட்டுக்குக் குடிவருகிறது. குழந்தைப் பாடலொன்று இழுபட்டு மெதுவாக ஒலிக்கிறது. திரை இருண்டு இருண்டு மீள்கிறது. பிறகு இசை முழுவதும் அறுந்து, கதவின் கிறீச்சொலியோ ஒருவரின் மூச்சோ மட்டும் எஞ்ச, நாம் செவியைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் கணத்தில், காதைப் பிளக்கும் ஓசையோடு ஓர் உருவம் திரையை நிறைக்கிறது. படத்தின் பெயர் வந்து, முடிந்துவிட்டதென்று ஆறுதலடையும்போது இன்னுமொரு தடவை அதே அதிர்ச்சி. இங்கே நம்மை உலுக்குவது உருவத்தைவிட ஓசையே. எதிர்பாராத பேரொலிக்கு உடல் துணுக்குறுவது, அது என்னவென்று மனம் அறியுமுன்பே நிகழ்ந்துவிடும் அனிச்சைச் செயல்.

வன்னியில் அந்த அமைதிக்கு வேறொரு பொருள் உண்டு. தொலைவில் எறிகணை குத்தும் சத்தம் கேட்டபின், அது எங்கே விழுமென்று தெரியாமல் பதுங்குகுழிக்குள் மூச்சடக்கிக் காத்திருந்த நொடிகள், 2009ஆம் ஆண்டைக் கடந்து வந்தவர்களின் உடலில் இன்னும் இருக்கின்றன. முன்னோட்டத்தைத் தொகுப்பவர் எங்கோ இருந்து, அறியாமலே, அதே வரிசையில் அமைதியையும் வெடிப்பையும் அடுக்கித் தருகிறார்.

பேய்ப்படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றை விரும்பிப் பார்ப்பவன் நான். 1960இல் வெளியான 'சைக்கோ' படத்தின் முன்னோட்டத்தில், இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் ஆறு நிமிடங்களுக்கு மேலாகத் தாமே விடுதியையும் வீட்டையும் நிதானமாகச் சுற்றிக் காட்டுகிறார். அலறலை இறுதிக்கென்று வைத்திருக்கிறார். 1980இல் வந்த 'த ஷைனிங்' முன்னோட்டத்தில் ஒரேயொரு காட்சிதான்: மின்தூக்கிக் கதவருகேயிருந்து இரத்தம் பெருக்கெடுத்து வருகிறது, கமரா நகரவேயில்லை. இவ்விரண்டும் தந்த அச்சம் நெடுநாள் என்னோடு இருந்தது.

திரையரங்குக்குப் போகிறவர் அஞ்சுவதற்கு உடன்பட்டே போகிறார். வீட்டில் நாடகம் பார்த்திருக்கும் முதியவரிடமோ பாடம் படிக்கும் பிள்ளையிடமோ அந்த உடன்பாட்டை எவரும் கேட்கவில்லை. ஆகவே தொலைக்காட்சி நிலையங்கள் இம்முன்னோட்டங்களை இரவு பிந்திய நேரத்துக்கு ஒதுக்கி, அவற்றுக்கு முன் எழுத்திலும் குரலிலும் எச்சரிக்கை தர வேண்டும் எனவும், எழுந்து போக வழியில்லாத பயணிகள் இருக்கும் பேருந்துகளில் அவற்றை ஒளிபரப்பாதிருக்குமாறு உரிமையாளர்களும் நடத்துநர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் எனவும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
விசுவமடு.